துளியளந்து ஊட்டிய வரலாறு

பிறந்த குழந்தை பாலை உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், இடையே மூச்சும் விட வேண்டும். இம்மூன்றும் இசைந்து நடைபெறும் திறன், கருவில் ஏறக்குறைய 34 வாரங்கள் நிறைந்த பின்னரே அமைகிறது. அதற்கு முன் பிறந்துவிட்ட சிசுவுக்கு உணவூட்டுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு மருத்துவர்கள் விடை தேடிய வரலாற்றை நாம் சிறிது காண்போம்.

1880களில் பாரிஸ் மகப்பேற்று மருத்துவமனையில் எத்தியேன் தார்னியே என்பவர், மெல்லிய ரப்பர் குழாயை வாய்வழியே இரைப்பைக்குள் செலுத்திச் சிறிது சிறிதாகப் பால் வார்த்தார். சிசுவின் உடற்சூட்டைக் காக்கும் பேழையையும் அங்கே புகுத்தியவர் அவரே.

ஆயினும் கருவி கிடைத்ததனால் மட்டும் அச்சம் நீங்கிவிடவில்லை. பால் மூச்சுக்குழலில் புகுந்துவிடுமோ என்றஞ்சி, 1940களிலும் 1950களிலும் குறைமாதக் குழந்தைகளை முதல் ஓரிரு நாட்கள், சிலபோது மூன்று நாட்கள்கூட, பட்டினியாக வைத்தனர். அதனால் குருதியில் சர்க்கரை குன்றி மூளைக்கு ஊறு நேரலாம் என்பது 1960களில் தெளிவாகவே, அவ்வழக்கம் கைவிடப்பட்டது.

சிறுகுடல் பெரும்பாலும் அமையாமலே பிறந்த குழந்தைக்கு என் செய்வது? அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் டக்ளஸ் வில்மோரும் ஸ்டான்லி டட்ரிக்கும், அத்தகைய குழந்தை ஒன்றின் இதயத்தை அடுத்த பெருஞ்சிரை வரை நுண்குழாய் செலுத்தி, உணவுச் சத்துக்கள் அனைத்தையும் குருதியிலேயே கலந்தனர். குழந்தை எடை கூடி வளர்ந்த செய்தியை 1968இல் வெளியிட்டனர். அக்குழந்தை நெடுநாள் வாழவில்லை. அது திறந்த வழியில் பின்வந்தோர் பலர் பிழைத்தனர்.

இதில் அளவே உயிர். ஒரு கிலோ எடையுள்ள சிசுவுக்கு முதல் நாளில் வேண்டிய நீர் ஏறக்குறைய 80 மில்லி லிட்டர். மணிக்கு மூன்று மில்லி லிட்டருக்குச் சற்று மேல். மிகுந்தால் இதயமும் நுரையீரலும் தாங்கா. ஒரு மில்லி லிட்டரை 60 துளிகளாக்கும் குழாயின் முன் அமர்ந்து, நிமிடத்துக்கு மூன்று துளி என்று செவிலியர் எண்ணினர். அவ்வேலையை இன்று சிரிஞ்சை மெல்லத் தள்ளும் மின்பம்பு செய்கிறது.

குழாயைக் கழற்றும் நாள் வந்ததும், தாய்முலை பற்றும் வலிமை வரும் வரை, இடையில் ஒரு படி உண்டு. வடநாட்டு மருத்துவமனைகளிலும் அதற்குக் கையாளப்படும் சிறு மூக்குக் கிண்ணத்தின் பெயரைக் கேட்டால் நேயர்கள் மகிழ்வீர்கள். நம் பாட்டிமார் வைத்திருந்த அதே பாலாடை!