குறி தவறிய வாணத்தின் உலகப் பயணம்

சென்னையிலிருந்து திருப்பதி போகும் நெடுஞ்சாலையில், திருவள்ளூரைத் தாண்டித் திருத்தணியை எட்டுவதற்கு முன் கனகம்மாசத்திரம் வரும். தணிகை மலை ஏறப் போகிறவர்களும் ஏழுமலையானைப் பார்க்கப் போகிறவர்களும் ஒரு டீ குடித்துவிட்டு நகரும் ஊர். இந்த வட்டாரத்து ஆறு கொசஸ்தலை. வருஷத்தில் பல மாதம் வெறும் மணலாகக் கிடக்கும். மேற்கே மழை பிடித்துக்கொண்டால் கரை புரண்டு வந்து பூண்டி ஏரியை நிரப்பும். 1780 ஆகஸ்டு கடைசியில் அது அப்படித்தான் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. அந்த வெள்ளத்துக்கும், அமெரிக்கர்கள் பேஸ்பால் ஆட்டத்துக்கு முன் எழுந்து நின்று பாடும் தேசிய கீதத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. நடுவில் நிற்பது நமக்கு ரொம்பப் பழக்கமான சாமான்தான்: தீபாவளிக்குக் காலி பாட்டிலில் நிறுத்திப் பற்றவைக்கிறோமே, அந்த ராக்கெட்.

அதன் பூர்வீகம் சீனா. சாகாவரம் தரும் மருந்தைத் தேடிய ரசவாதிகள் வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் கலந்து, ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில் ஆளைக் கொல்லும் மருந்தைக் கண்டுபிடித்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மங்கோலியர்களின் படையெடுப்போடு சேர்ந்து இந்த வித்தை மேற்கே நகர்ந்தது. அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சிரியாவில் ஹஸன் அல்-ரம்மா என்பவர் எழுதிய போர்க்கலை நூலில் ராக்கெட்டுக்குச் 'சீன அம்பு' என்று பெயர். வெடியுப்பை அராபியர் 'சீனப் பனி' என்றார்கள். சரக்கு எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கிற பழக்கம் அப்போது இல்லை போலிருக்கிறது.

இந்தியாவுக்கு வந்த பிறகு அது கொஞ்ச காலம் வேடிக்கைப் பொருளாகவும் இருந்தது. 1443-இல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், மகாநவமி விழாவில் பார்த்த வாணவேடிக்கையை வியந்து எழுதியிருக்கிறார். இன்னொரு பக்கம் வியாபாரிகள் வேலையைத் தொடங்கினார்கள். பழவேற்காட்டில் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள், பதினேழாம் நூற்றாண்டில் அங்கேயே வெடிமருந்து ஆலை நடத்தி ஆசியா முழுக்க இருந்த தங்கள் கோட்டைகளுக்குக் கப்பலேற்றினார்கள். மிளகும் துணியும் போன அதே கடல்வழியில் வெடிமருந்தும் போனது.

போரில் வாணத்துக்கு அன்று பெரிய மரியாதை இல்லை. காகிதத்திலோ மூங்கிலிலோ செய்த குழல். மருந்தைக் கொஞ்சம் கெட்டித்தால் வெடித்துச் சிதறும். யானையையும் குதிரையையும் மிரட்டவும், தூரத்தில் நிற்கும் படைக்குச் சைகை காட்டவும்தான் பயன்பட்டது. ஆற்காட்டு நவாபின் படையிலும் இப்படி ஒரு சிறு பிரிவு இருந்தது. அதில் ஐம்பது வாணக்காரர்களுக்குத் தலைவராக இருந்தவர் பெயர் பதே முகமது. அவருடைய மகன்தான் பின்னாளில் மைசூரை ஆண்ட ஹைதர் அலி. ஆற்காடு, திருத்தணியிலிருந்து அதிக தூரமில்லை. மைசூர் ராக்கெட் என்று உலகம் சொல்கிற ஆயுதத்தின் நாற்றங்காலில் நம் ஊர்ப் பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் சொல்லிக்கொள்வது இதனால்தான்.

ஹைதரும் மகன் திப்புவும் செய்த மாற்றம் ஒன்றுதான்: குழலை இரும்பாக்கினார்கள். அடித்துத் தட்டிய மெல்லிய இரும்புத் தகட்டுக் குழல் அதிக அழுத்தத்தைத் தாங்கியது. மருந்தை இறுக்கி அடைக்க முடிந்தது. பாய்ச்சல் ஒரு கிலோமீட்டரையும் தாண்டியது. அந்தக் குழல்கள் எப்படி இருந்தன என்று இன்றும் பார்க்கலாம். கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் நகரா என்று ஒரு ஊர். 1763-இல் ஹைதர் பிடித்த பெத்னூர்க் கோட்டை அங்கேதான் இருக்கிறது. 2018-இல் அங்கே ஒரு பாழுங்கிணற்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்புக் குழல்கள் கிடைத்தன. ஒவ்வொன்றும் சுமார் ஒரு சாண் நீளம், துருவேறிய உருளை. தோண்டிய சேற்றிலேயே வெடிமருந்து வாசனை அடித்ததாம். இந்த உருளையைத் தோல்வாரால் நீண்ட மூங்கில் கழியில் கட்டிவிட்டால் ராக்கெட் தயார். சிலவற்றில் மூங்கிலுக்குப் பதில் வாளின் அலகு.

குறையும் ஒன்று இருந்தது, சின்னக் குறையல்ல. குறி நிற்காது. மேலே போகும், வளையும், தரையில் விழுந்து துள்ளித் துள்ளி ஓடும், சில சமயம் விட்டவனிடமே திரும்பி வரும். ஆகவே ஒன்றிரண்டாக விடாமல் மொத்தமாக விட்டார்கள்.

இப்போது கொசஸ்தலைக்கு வருவோம். 1780 ஜூலையில் ஹைதர் கணவாய் வழியாக ஆற்காட்டுச் சமவெளியில் இறங்கிவிட்டார். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் ஒரு பகுதி கர்னல் வில்லியம் பெய்லி தலைமையில் குண்டூரிலிருந்து தெற்கே வந்துகொண்டிருந்தது. காஞ்சிபுரத்தில் சர் ஹெக்டர் மன்றோவோடு அது சேர வேண்டும். மன்றோ சாதாரண ஆள் இல்லை. 1764-இல் பக்சாரில் வென்று வங்காளத்தைக் கம்பெனிக்கு உறுதிப்படுத்தியவர். ஆகஸ்டு 25-ஆம் தேதி பெய்லி கொசஸ்தலைக் கரையை அடைந்தார். ஆற்றில் தண்ணீர் அநேகமாக இல்லை. நாளைக்குக் கடக்கலாம் என்று வடகரையிலேயே கூடாரம் போட்டார். ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளம் வந்துவிட்டது. செப்டம்பர் தொடங்கிய பிறகுதான் அவரால் அக்கரை ஏற முடிந்தது. அதற்குள் திப்பு வந்து சேர்ந்தார்.

செப்டம்பர் 6-ஆம் தேதி, கனகம்மாசத்திரத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கும் பேரம்பாக்கத்தில் திப்புவின் படை பெய்லியை மறித்தது. 10-ஆம் தேதி காலை புள்ளலூரில் ஹைதரும் சேர்ந்துகொள்ள, எல்லாப் பக்கமும் அடைபட்டது. கம்பெனிப் படையின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. வண்டிகளைப் பற்றவைத்தது ராக்கெட்தான் என்கிறது பரவலான கதை. பீரங்கிக் குண்டு என்போரும் உண்டு. எதுவானாலும், தோட்டா தீர்ந்த படை நொறுங்கியது. சில மைல் தூரத்தில் காஞ்சிபுரத்தில் இருந்த மன்றோ, தன் கனமான பீரங்கிகளைக் கோயில் நகரத்தின் பெரிய குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைப் பக்கம் பின்வாங்கினார். பக்சார் வீரருக்கு இப்படி ஒரு கணக்கும் இருக்கிறது. அதே புள்ளலூரில்தான் ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் தன் எதிரிகளை வென்றதாக அவன் வம்சத்துச் செப்பேடு கூறுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். ஒரு சின்னக் கிராமத்துக்கு இவ்வளவு போர் அதிகம்தான்.

பெய்லி மைசூரின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782-இல் இறந்தார். அவரோடு பிடிபட்ட காயம்பட்ட கேப்டன் டேவிட் பேர்ட், மூன்றரை வருஷத்துக்கு மேல் அங்கே அடைபட்டுக் கிடந்து வெளியே வந்தார். 1799 மே 4-ஆம் தேதி அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தின் மதிலை உடைத்து ஏறிய படைக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். திப்பு அன்று விழுந்தார்.

அந்த முற்றுகையின்போது இன்னொரு இளம் அதிகாரிக்கும் ராக்கெட் அனுபவம் வாய்த்தது. ஏப்ரல் 5-ஆம் தேதி இரவு சுல்தான்பேட்டைத் தோப்புக்குள் நுழையப் பார்த்த அவருடைய படை, இருட்டில் ராக்கெட்டும் துப்பாக்கியும் சேர்ந்து பொழிந்ததில் குழம்பித் திரும்பியது. அவர் பெயர் ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு. கடைசிவரை அவருக்கு ராக்கெட்டைக் கண்டால் ஆகாது. வாட்டர்லூவுக்கு முன், தன்னிடம் இருந்த ராக்கெட் பிரிவைப் பார்த்து, அதை ஒதுக்கிவிட்டுப் பீரங்கி எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். அந்தப் பிரிவின் கேப்டனுடைய மனசு உடைந்துபோகும் என்று யாரோ சொல்ல, மனசாவது மண்ணாவது என்கிற தோரணையில் பதில் வந்ததாம். சுல்தான்பேட்டை இருட்டு அவருக்கு மறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அகப்பட்ட ராக்கெட்டுகளில் சில லண்டனுக்கு அருகே வுல்விச் ஆயுதசாலைக்குப் போயின. அங்கே அரசு ஆய்வகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவரின் மகன் வில்லியம் காங்கிரீவ். 1804 வாக்கில் இவர் வேலையைத் தொடங்கினார். இரும்புக் குழலைச் சீரான அளவுகளில் செய்தார், மருந்தை எந்திரத்தால் இறுக்கினார், கழியைப் பதினைந்து அடி வரை நீட்டினார், எட்டும் தூரத்தை இரண்டரை கிலோமீட்டருக்கும் மேல் கொண்டுபோனார். புதிய ஆயுதத்துக்குக் காங்கிரீவ் ராக்கெட் என்று பெயர் நிலைத்தது. ஒரிஜினல் செய்த மைசூர்க் கொல்லர்களில் ஒருவர் பெயர்கூட எங்கும் இல்லை. நகல் எடுத்தவர் கெட்டிக்காரர், மறுக்கவில்லை. ஆனால் பெயர்ப்பலகை விஷயத்தில் ஹஸன் அல்-ரம்மா அவரைவிடப் பெரிய மனிதர்.

குறி மட்டும் திருந்தவில்லை. 1806-இல் பிரான்சின் பூலோன் துறைமுகத்தின் மேல் அரை மணி நேரத்தில் சுமார் இரண்டாயிரம் ராக்கெட் விட்டார்கள். கப்பல்களுக்குப் பெரிய சேதமில்லை, ஊரில் தீப்பிடித்தது. அடுத்த வருஷம் கோபன்ஹேகன் எரிந்தது. குறி தவறும் ஆயுதத்துக்கு ஊர் முழுக்க இலக்கு என்றால் வசதிதானே.

1814 செப்டம்பர். பிரிட்டிஷ் கப்பல்கள் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவுக்குள் நுழைந்து பால்டிமோரின் மெக்ஹென்றி கோட்டையைத் தாக்கின. எரபஸ் என்ற கப்பல் ராக்கெட் விடுவதற்கென்றே வந்திருந்தது. ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ என்ற வக்கீல், பிரிட்டிஷார் பிடித்து வைத்திருந்த ஒரு டாக்டரை மீட்டுப்போக வந்திருந்தார். பேச்சுவார்த்தை முடிந்தும், சண்டை ஓயும்வரை அவரைக் கரைக்கு விடவில்லை. ஏறக்குறைய 25 மணி நேரம் நடந்த தாக்குதலை அவர் தண்ணீரில் இருந்தபடியே பார்த்தார். கோட்டை விழவில்லை, விடிந்தபோது கொடி பறந்தது. அந்த நெகிழ்ச்சியில் அவர் எழுதிய பாட்டில் ராக்கெட்டின் வெளிச்சமும் இடம்பிடித்தது. 1931-இல் அது அமெரிக்காவின் தேசிய கீதமாயிற்று. கோட்டையைப் பிடிக்க அதிகம் பயன்படாத ராக்கெட் கவிஞருக்குப் பயன்பட்டது.

அந்தப் பாட்டின் மெட்டும் இரவல்தான். லண்டனில் ஒரு கிளப்காரர்கள் பாடி வந்த பாட்டின் மெட்டு. இதே காலத்தில் இங்கே எதிர்த்திசையில் ஒரு கடன் நடந்தது. திருத்தணி முருகன் சந்நிதியில் முதல் கிருதியைப் பாடியவர் என்று போற்றப்படும் முத்துசுவாமி தீட்சிதர், வெள்ளைக்காரர்களின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சம்ஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். இங்கிலாந்து ராஜ வாழ்த்தின் மெட்டில் உட்கார்ந்திருக்கிறது அவருடைய 'சந்ததம் பாஹிமாம்'. ராக்கெட் அங்கே போனது, மெட்டு இங்கே வந்தது. கடனைச் சொல்லிக்கொண்டு வாங்கியவர் தீட்சிதர்தான்: அந்தப் பாட்டுகளை இன்றும் 'நோட்' என்ற ஆங்கிலச் சொல்லோடு நொட்டுஸ்வரம் என்றே பாடுகிறோம்.

அதன் பிறகு ராக்கெட் எதிர்பாராத வேலைகளுக்கெல்லாம் போனது. கரைக்கருகே உடைந்த கப்பல்களுக்குக் கயிறு எறிய அதைப் பயன்படுத்தி இங்கிலாந்துக் கடலோரத்தில் எத்தனையோ மாலுமிகளைக் காப்பாற்றினார்கள். காங்கிரீவ் ராக்கெட் கம்பெனிப் படையோடு இந்தியாவுக்கே திரும்பி வந்து, 1824-இல் தொடங்கிய பர்மாப் போரிலும் கலந்துகொண்டது. 1844-இல் வில்லியம் ஹேல் என்ற ஆங்கிலேயர் கழியை எடுத்துவிட்டு, பறக்கும்போதே சுழலும்படி செய்தார். குறி ஓரளவு தேறியது. அதற்குள் பீரங்கிகள் வெகுவாக முன்னேறிவிட்டன. நூற்றாண்டு முடிவதற்குள் ராக்கெட் ஆயுதசாலையிலிருந்து ஏறக்குறைய வெளியேறிப் பட்டாசுக் கடையோடு நின்றது.

1926-இல் அமெரிக்காவின் ராபர்ட் காடர்ட் திரவ எரிபொருளில் ஒன்றைப் பறக்கவிட்டதும் கதை மறுபடி சூடு பிடித்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் ராமேஸ்வரத்துக்காரர் ஒருவர் பயிற்சிக்காக நாசாவின் வாலப்ஸ் தளத்துக்குப் போனார். பிரிட்டிஷ் கப்பல்கள் நுழைந்த அதே செசபீக் விரிகுடாவை அடுத்த நிலத்துண்டில்தான் அந்தத் தளம். வரவேற்புக் கூடத்தில் ஒரு ஓவியம்: மாநிற வீரர்கள் வெள்ளைப் படைமேல் ராக்கெட் விடுகிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் திப்புவின் படை. சொந்த ஊரில் மறந்துபோன மனிதரை அமெரிக்காவில் சுவரில் மாட்டியிருக்கிறார்களே என்று அப்துல் கலாம் தன் சுயசரிதையில் ஆச்சரியப்படுகிறார். 1963 நவம்பர் 21-ஆம் தேதி கேரளத்துத் தும்பாவிலிருந்து புறப்பட்ட முதல் ராக்கெட்டும் அமெரிக்கத் தயாரிப்பான நைக்-அப்பாச்சிதான்.

சொந்தமாகச் செய்த எஸ்.எல்.வி-3, கலாம் திட்ட இயக்குநராக இருக்க, 1979 ஆகஸ்டு 10-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. டச்சுக்காரர்கள் வெடிமருந்து அரைத்த பழவேற்காட்டின் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது அந்தத் தீவு. இரண்டாம் அடுக்கின் திசைக்கட்டுப்பாடு கோளாறாகி, 317 வினாடியில் வங்கக் கடலில் விழுந்தது. மைசூரிலும் வுல்விச்சிலும் தீராத அதே நோய். பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு வருஷம் ஆயிற்று. 1980 ஜூலை 18-ஆம் தேதி 22 மீட்டர் உயரமும் 17 டன் எடையும் கொண்ட அடுத்த எஸ்.எல்.வி-3, 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோளை அனுப்ப வேண்டிய பாதையிலேயே கொண்டுபோய் விட்டது. புள்ளலூர் சண்டைக்கு அப்போது இருநூறு வயது ஆக இரண்டு மாதமே பாக்கி.