நீலர்களின் பன்னிரண்டு பருவங்கள்

'அசூலெஸ் தே வெராக்ரூஸ்', அதாவது வெராக்ரூஸ் நீலர்கள் என்ற பேஸ்பால் அணி 1940 முதல் 1951 வரை பன்னிரண்டு பருவங்கள்தான் ஆடியது. பெயரில் துறைமுக நகரம் இருந்தாலும் அணி குடியிருந்தது மெக்சிகோ நகரத்தின் தெல்தா மைதானத்தில். வெராக்ரூஸுக்கென்று 'எல் ஆகிலா' என்ற அணி முன்பே இருந்தது; 1937, 1938 இரண்டு ஆண்டும் அதுவே மெக்சிகோ லீக்கின் சாம்பியன். நீலர்களின் முதலாளி ஹோர்ஹே பாஸ்கெல் வெராக்ரூஸ்காரர். தன் ஊர்ப் பெயரை அணிக்குச் சூட்டித் தலைநகரில் ஆடவிட்டார். இந்த அணியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1946-இல் தொடங்குகிறார்கள். அந்த ஆண்டில் பாஸ்கெல் அமெரிக்காவின் பெரிய லீக்குகளிலிருந்து வெள்ளை வீரர்களைப் பணத்தைக் காட்டி இழுத்தார், அமெரிக்க முதலாளிகள் கொதித்தார்கள், இரண்டே ஆண்டுகளில் எல்லாம் நொறுங்கியது. ஒரு பணக்காரரின் தோற்றுப்போன சாகசமாக அந்தக் கதை முடிந்துவிடும். அப்படித் தொடங்குவதே பிழை என்பது என் கருத்து. நீலர்களின் வரலாற்றுப் பெறுமதி 1946-க்கு முந்தைய ஆறு ஆண்டுகளில் இருக்கிறது; 1946-இல் நடந்தது அதன் நீட்சிதான்.

1940-இல் அமெரிக்கப் பெரிய லீக்குகளில் கறுப்பின வீரர் ஒருவர்கூட இல்லை. எழுதாத சட்டமாக அந்தத் தடை அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. கறுப்பினத்தவர் தமக்கென நடத்திய 'நீக்ரோ லீக்'குகளில் அந்நாளின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் பலர் குறைந்த சம்பளத்துக்கு, ஓயாத பேருந்துப் பயணங்களில், ஊருக்கு ஊர் ஓட்டலும் உணவகமும் கதவடைக்க ஆடிக்கொண்டிருந்தார்கள். மெக்சிகோ லீக் 1925-இல் தொடங்கிய சிறு அமைப்பு. சுங்க முகவர் தொழிலில் செல்வம் சேர்த்த பாஸ்கெல் குடும்பம் அதற்குள் நுழைந்தபோது, எல்லைக்கு அப்பால் விலை மதிக்கப்படாமல் கிடந்த இந்தத் திறமையைக் கண்டுகொண்டது. தோர்ரியோன், வெராக்ரூஸ் இரண்டு அணிகளுக்கும் 1940-இல் ஆடிய கூல் பாப்பா பெல், பேட்டிங் சராசரி .437, ஹோம் ரன் 12, அடித்துச் சேர்த்த ரன் 79 என்று மூன்று பட்டியலிலும் முதலிடம் பிடித்தார். அந்த மும்முடி மெக்சிகோ லீக்கில் அவருக்கு முன் எவருக்கும் வாய்த்ததில்லை. பருவம் முடியும் தறுவாயில் வந்த கேட்சர் ஜோஷ் கிப்சன் 22 ஆட்டங்களில் 11 ஹோம் ரன் அடித்தார். பிறந்த ஆண்டிலேயே நீலர்கள் சாம்பியன். அடுத்த ஆண்டு கிப்சன் முழுப் பருவமும் ஆடி 33 ஹோம் ரன்களும் .374 சராசரியும் குவிக்க, கோப்பை மறுபடியும் நீலர்களுக்கே. 1942-இல் மான்டி இர்வின் வந்த கதையும் இதேபோலத்தான். நீக்ரோ லீக்கின் நியூவர்க் அணியிடம் சம்பளத்தைச் சற்று உயர்த்தக் கேட்டார், கிடைக்கவில்லை, பாஸ்கெல் பல மடங்கு தருவதாகச் சொன்னார், போனார், சராசரி .397.

பணம் மட்டும்தான் இழுத்தது என்றால் இதில் பேச அதிகம் இல்லை. ஷார்ட்ஸ்டாப் வில்லி வெல்ஸ் 1944-இல் ஒரு கறுப்பினப் பத்திரிகைக்குச் சொன்ன காரணம் வேறு. சொந்த நாட்டில் தான் முதலில் கறுப்பன், எங்கும் அதற்கேற்ப அடங்கி நடக்க வேண்டும். மெக்சிகோவிலோ தான் ஒரு மனிதன் என்றார். மெக்சிகோவை அப்படியே சொர்க்கமாக்கிவிடக் கூடாது என்று இங்கே ஒருவர் மறிக்கலாம். மறிப்பதில் நியாயமும் உண்டு. 1930-களின் தொடக்கத்தில்தான் அதே நாட்டின் சொனோரா மாநிலம் சீனக் குடும்பங்களைத் துரத்தியடித்தது. நட்சத்திர வீரருக்குக் கிடைத்த வரவேற்பு மெக்சிகோவின் ஏழைப் பழங்குடிக்குக் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் வெல்ஸ் பேசியது குறிப்பான ஒன்றை. ரயிலில் எந்தப் பெட்டி, ஓட்டலில் எந்த வாசல், மைதானத்தில் எந்தப் பக்கம் என்று தோலைப் பார்த்து ஒதுக்கும் சட்டம் அங்கே இல்லை. கியூபர்களும் மெக்சிகர்களும் அமெரிக்கக் கறுப்பினத்தவரும் ஒரே சீருடையில் ஆடினார்கள். 1946-இல் வெள்ளை அமெரிக்கர்களும் சேர்ந்துகொண்டார்கள். அமெரிக்கப் பெரிய லீக்குகளின் தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் புரூக்ளினுக்காகக் களமிறங்கியது 1947-இல்தான். கலந்து ஆடினால் ரசிகர்கள் வரமாட்டார்கள், வீரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அமெரிக்க முதலாளிகள் சொல்லிவந்த சாக்கை எல்லைக்குத் தெற்கே ஒரு லீக் நாள்தோறும் பொய்யாக்கிக்கொண்டிருந்தது.

இந்த அனுபவம்தான் 1946-க்கு வழி போட்டது. சிறையில் பூட்டியதுபோல இருந்த ஒரு சந்தையைச் சம்பளத்தால் திறக்கலாம் என்பதைப் பாஸ்கெல் ஆறு ஆண்டுகளில் கற்றிருந்தார். இப்போது அதே சாவியை வெள்ளை லீக்குகளின் பூட்டில் போட்டார். அங்கே பூட்டின் பெயர் 'ரிசர்வ் விதி'. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் வீரர் பழைய அணிக்கே கட்டுப்பட்டவர். அணி விற்கலாம், விடுவிக்கலாம், வீரர் தானாகப் போக முடியாது. மேக்ஸ் லேனியர், மிக்கி ஓவன், டேனி கார்டெல்லா, வெர்ன் ஸ்டீஃபன்ஸ் ஆகியோர் நீலர்களிடம் வந்தார்கள். வேறு பலர் மற்ற மெக்சிகோ அணிகளுக்குப் போனார்கள். அமெரிக்க பேஸ்பால் ஆணையர் ஹாப்பி சாண்ட்லர், போனவர்களுக்கு ஐந்தாண்டுத் தடை விதித்தார். ஸ்டீஃபன்ஸ் சில நாளிலேயே திரும்பி ஓடினார். ஓவன் அந்தக் கோடையைக்கூட முடிக்கவில்லை. உயரமும் வெப்பமும் நீண்ட பயணங்களும் பழகவில்லை என்றார்கள். நீக்ரோ லீக் வீரர்கள் ஆண்டுக்கணக்கில் அதே மைதானங்களில் ஆடியவர்கள் என்பது இந்த முறையீடுகளைப் படிக்கும்போது நினைவில் வருகிறது. வரவைவிடச் செலவு பெருத்தது. 1948-க்குள் பாஸ்கெலின் திட்டம் சரிந்தது.

தோல்விதானே என்று கேட்கலாம். கணக்குப் புத்தகத்தில் தோல்விதான். ஆனால் கார்டெல்லா 1946-க்கு நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியோடு கையெழுத்தே போட்டிருக்கவில்லை. ரிசர்வ் விதி ஒன்றைக் காட்டியே தடை செய்யப்பட்டார். வழக்குப் போட்டார். கீழ்நீதிமன்றம் தள்ளிய வழக்கை 1949 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் உயிர்ப்பித்தது. விதியை அடிமை முறையோடு ஒப்பிடும் அளவுக்கு ஒரு நீதிபதி போனார். பேஸ்பால் மாநிலங்களுக்கிடையிலான வணிகமே அல்ல என்ற 1922-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வானொலி, தொலைக்காட்சிக் காலத்தில் நிற்குமா என்ற அச்சம் முதலாளிகளைப் பிடித்தது. ஜூன் மாதம் சாண்ட்லர் தடையை நீக்கினார்; வருட முடிவுக்குள் கார்டெல்லாவுடன் பணம் கொடுத்துச் சமரசமும் ஆனது. விதி அப்போது விழவில்லை என்பது உண்மை. 1975 இறுதியில்தான் விழுந்தது. ஆனாலும் 1946-லேயே முதலாளிகள் 5,000 டாலர் குறைந்தபட்ச சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் இணங்கினார்கள். ராபர்ட் மர்ஃபி அதே ஆண்டு தொடங்கிய வீரர் சங்கத்தின் வேலை அது என்று சிலர் வாதிடுவார்கள். சங்கம் ஒரு பக்கம் தள்ளியது, மெக்சிகோ மறுபக்கம் இழுத்தது. போக இன்னோர் இடம் இல்லாத தொழிலாளியின் கோரிக்கைக்கு முதலாளி அவ்வளவு விரைவில் இறங்கிவருவது அரிது.

கடினமான மறுப்பு பாஸ்கெலைப் பற்றியது. அவர் விடுதலை வீரர் அல்லர். 1946 அதிபர் தேர்தலில் நின்ற மிகேல் அலெமான் அவருடைய பால்ய நண்பர். எல்லைக்கு அப்பாலிருந்து நட்சத்திரங்களைக் கொண்டுவருவது அரசியலுக்கும் உதவியது. லீக்கையே கைக்குள் வைத்து, எந்த வீரர் எந்த அணிக்கு என்று தானே பங்கிட்டார். அமெரிக்க ஏகபோகத்தை உடைத்தவர் சொந்த நாட்டில் நடத்தியதும் ஏகபோகம்தான். இதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு சந்தையில் இரண்டாவது வாங்குபவர் நல்லவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் இருப்பதே விற்பவரின் நிலையை மாற்றுகிறது. கறுப்பின அணி முதலாளிகளுக்கு அவர் செய்த சேதமும் உண்மை. ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியின் கம் போசி, 1941-இல் கிப்சன் போனதும் வழக்குத் தொடுத்து 10,000 டாலர் தீர்ப்பு பெற்றார். கிப்சனின் வீடே ஆபத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு கிப்சன் திரும்பியதும் வழக்கு கைவிடப்பட்டது. அந்த முதலாளிகளின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்: 1945-இல் புரூக்ளின் அணி கறுப்பின அணியான கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸிடமிருந்து ராபின்சனை எடுத்தபோது ஒரு டாலர்கூட ஈடு தரவில்லை. மெக்சிகோ போன வீரர்கள் பலர் திரும்பி வந்தார்கள். பெரிய லீக்குகளுக்கு வீரர்கள் போகப் போக நீக்ரோ லீக்குகளே சில ஆண்டுகளில் மங்கின.

நீலர்கள் 1951-இல் நான்காவது கோப்பையை வென்று, அத்தோடு கலைந்தார்கள். பாஸ்கெல் 1955 மார்ச்சில் சான் லூயிஸ் பொத்தோசியில் விமான விபத்தில் இறந்தார். அதே ஆண்டில் மெக்சிகோ லீக் அமெரிக்க அமைப்புக்குள் ஒரு சிறு லீக்காகச் சேர்ந்தது. 2024-இல் அமெரிக்கப் பெரிய லீக் அமைப்பு நீக்ரோ லீக்குகளின் கணக்கைத் தன் ஏடுகளில் ஏற்றியபோது, வாழ்நாள் சராசரி .372 கொண்ட ஜோஷ் கிப்சன் எல்லாருக்கும் மேலே வந்து நின்றார். அந்த ஏட்டில் அவருக்கு 1941 என்ற ஆண்டே கிடையாது. அந்த ஆண்டின் 33 ஹோம் ரன்களையும் அவர் அடித்தது நீலர்களின் சீருடையில்.