எப்பேர்: பேத்திகளால் பிழைத்த பாட்டன்

எங்கள் கிணத்துக்கடவுப் பக்கம் புதிதாக ஒருவரைப் பார்த்தால் பெரியவர்கள் முதலில் "எந்த ஊரு?" என்று கேட்பார்கள். கொங்கு வேளாளர் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் அடுத்த கேள்வி "என்ன கூட்டம்?" என்பதுதான். பயிரன், காடை, தூரன், ஓதாளன், செம்பன்... இந்த ஒரு சொல்லிலேயே முன்னோர் யார், காணி ஊர் எது, குலதெய்வம் எது, யார் பங்காளி, யார் மாமன் மச்சான் என்பதெல்லாம் அடங்கிவிடும்.

பழைய இஸ்ரவேலரிடமும் கிட்டத்தட்ட இதே கணக்குதான் இருந்தது நண்பர்களே. கோத்திரம், அதற்குள் வம்சம், ஒவ்வொரு வம்சத்துக்கும் ஒரு மூதாதை, ஒரு நிலப்பகுதி. ஆபிரகாம், யாக்கோபு, தாவீது எல்லாம் நமக்குத் தெரிந்த பெயர்கள். ஆனால் எப்பேர் என்று ஒருவர் இருந்தது பைபிள் படிக்கிறவர்களிலும் பலருக்கு நினைவில் இருக்காது.

யோசேப்பின் மகன் மனாசே. மனாசேயின் மகன் மாகீர், அவர் மகன் கீலேயாத், அவர் மகன் எப்பேர். எண்ணாகமம் 26-ம் அதிகாரத்தில் வரும் மக்கள்தொகைக் கணக்கில் எப்பேரியர் என்று ஒரு வம்சம் இவர் பெயரால் குறிக்கப்படுகிறது. எபிரேய மொழியில் கிணறு தோண்டுவதைக் குறிக்கும் வினைச்சொல்லும் இந்தப் பெயரும் ஒரே மாதிரி எழுத்துகளால் ஆனவை. பெயரிலேயே கிணற்றை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இவர் ஒரு வகையில் சொந்தம்தான்!

எப்பேர் செய்த வீரச்செயல் என்று பைபிளில் எதுவும் இல்லை. அவர் மகன் செலொப்பியாத். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து பெண்கள் மட்டுமே. அன்றைய வழக்கப்படி இந்தக் கிளை அதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த ஐந்து பேரும் சும்மா இருக்கவில்லை. மோசே, ஆசாரியன் எலெயாசார், தலைவர்கள், சபையார் எல்லோருக்கும் முன்னால் போய் நின்று வழக்கு வைத்தார்கள். எங்கள் அப்பா வனாந்தரத்தில் இறந்தார், மோசேயை எதிர்த்த கோராகின் கூட்டத்தில் அவர் சேரவில்லை, மகன் இல்லை என்பதற்காக அவர் பெயர் ஏன் அழிய வேண்டும், அவர் சகோதரர்களோடு எங்களுக்கும் காணி கொடுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. மோசே தானாகத் தீர்ப்புச் சொல்லவில்லை, கடவுளிடம் கேட்டார். பெண்கள் கேட்பது நியாயம் என்று பதில் வந்தது. மகன் இல்லாவிட்டால் மகளுக்குச் சொத்து என்று சட்டம் ஆனது.

மகன் இருந்தால் மகளுக்கு இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அதோடு 36-ம் அதிகாரத்தில் வம்சத்து ஆண்கள் திரும்ப வருகிறார்கள். இந்தப் பெண்கள் வேறு கோத்திரத்தில் கல்யாணம் செய்தால் நிலம் கைமாறிப் போகுமே என்பது அவர்கள் கவலை. கடைசியில் சொந்தக் கோத்திரத்திலேயே கல்யாணம் செய்ய வேண்டும் என்று முடிவாகி, ஐவரும் சித்தப்பா பெரியப்பா மகன்களைக் கட்டிக்கொண்டார்கள். நம் ஊரில் இது நினைத்தே பார்க்க முடியாதது. பங்காளி மகன் என்றால் அண்ணன் தம்பி முறை! கட்டிக்கொடுத்த பெண்ணோடு நிலம் வெளியே போகக்கூடாது என்ற கவலை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அவர்கள் மாப்பிள்ளையை உள்ளேயே தேடினார்கள். நாம் நகையும் சீரும் கொடுத்து அனுப்பிவிட்டு நிலத்தை அண்ணன் தம்பிகளிடம் வைத்துக்கொண்டோம்.

இதெல்லாம் வெறும் கதையா என்று கேட்கலாம். 1910-ல் சமாரியாவில் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு அகழாய்வு செய்தபோது, மையால் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. கி.மு. 8-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. எந்தப் பகுதியிலிருந்து பழைய திராட்சரசம் வந்தது, எங்கிருந்து எண்ணெய் வந்தது என்று அரண்மனையில் எழுதி வைத்த துண்டுச் சீட்டுகள் போன்றவை. நம் கொடுமணலிலும் பானை ஓடுகளில் எழுத்து கிடைத்திருக்கிறது, ஆனால் அவை கீறி எழுதியவை.

அந்தச் சமாரியா ஓடுகளில் அபியேசர், ஏலேக், அஸ்ரியேல், சேகேம், செமீதா ஆகிய மனாசே வம்சப் பெயர்கள் இடப்பெயர்களாக வருகின்றன. ஐந்தும் எப்பேரின் சகோதர வம்சங்கள். எப்பேர் என்ற பெயர் அவற்றில் இல்லை. அவர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன: நோவாள், ஒக்லாள்! பேத்திகளின் பெயரில் ஊர்ப்பகுதிகள் இருந்திருக்கின்றன, அங்கிருந்து அரசனுக்குச் சரக்கு போயிருக்கிறது. திர்சாள் பெயரில் இருந்த நகரம் சமாரியாவுக்கு முன் வடநாட்டின் தலைநகரமாகவே இருந்தது. ஊர்ப் பெயர்கள்தான் பின்னால் மனிதப் பெயர்களாகி வம்சாவளியில் சேர்ந்தன என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியே இருந்தாலும், அந்த நிலங்களைப் பெண்கள் பெயரில் நினைவு வைத்துக்கொள்ள ஒரு சமுதாயம் தயங்கவில்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்குச் சமச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமாக 60 ஆண்டுகள் ஆயின. 1989 மார்ச் 25 முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு வந்தது, ஆனால் அதற்கு முன் கல்யாணமானவர்களுக்கு இல்லை. 2005 செப்டம்பர் 9-ல் மத்திய சட்டம் அந்தத் தடையை நீக்கியது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்தை, தேவையில்லை, பிறப்பாலேயே உரிமை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. செலொப்பியாத்தின் மகள்களுக்குக் கிடைத்ததைவிட இது பெரிது. அண்ணன் தம்பி இருந்தாலும் பங்கு உண்டு.

சட்டம் வந்துவிட்டது, வழக்கம் இன்னும் வரவில்லை. பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு அக்கா தங்கச்சிகளைக் கூட்டிப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது இன்றும் நடக்கிறது. பங்கு கேட்டால் பொறந்த வீட்டு உறவு போய்விடும் என்ற பயம்தான் பலரைக் கையெழுத்துப் போட வைக்கிறது. பெண்ணுக்கு நிலம் போனால் குலத்தின் பெயர் போய்விடும் என்றும் சொல்கிறார்கள்.

அப்படிச் சொல்கிறவர்களுக்கு எப்பேரின் கதையைச் சொல்லலாம். அந்தப் பாட்டனின் பெயரை நாம் இன்று பேசுகிறோம் என்றால், பேத்திகள் ஐந்து பேர் சபையில் நின்று எங்கள் பங்கு எங்கே என்று கேட்டதுதான் காரணம்.