ஒன்பது விருத்தி: கொங்குக் கவிஞர் ஓவியரிடம் கற்றது

கோவையிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையில், பெருந்துறைக்குச் சற்று முன்னால் வரும் விஜயமங்கலத்தை இன்று பெரும்பாலோர் ஒரு சுங்கச்சாவடியாகவே அறிவார்கள். சாலையிலிருந்து சற்று விலகினால் ஊரார் நெட்டைக் கோபுரம் என்று சொல்லும் சமணக் கோயில் இருக்கிறது. எட்டாம் தீர்த்தங்கரர் சந்திரப்பிரபரின் கோயில் அது. உதயணன் கதையைத் தமிழில் பெருங்கதையாகப் பாடிய கொங்குவேளிர் இந்த ஊர்க்காரர். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லாரின் நிரம்பையும் கொங்கு நாட்டு ஊர்தான். கார்மேகக் கவிஞர் பாடிய கொங்கு மண்டல சதகம் இந்த இருவரையும் தன் மண்ணின் பெருமையாக எடுத்துச் சொல்கிறது. ஒருவர் காப்பியம் பாடியவர், மற்றவர் காப்பியத்துக்கு உரை கண்டவர். காலத்தால் பல நூற்றாண்டு தள்ளி வாழ்ந்தவர்கள். ஆனாலும் ஓவியத்திலிருந்து கவிதைக்கு என்ன வந்து சேர்ந்தது என்ற கேள்விக்கு இருவரும் ஒரே இடத்தைக் காட்டுகிறார்கள். அந்த இடம் ஓவியர் மனித உடலை இருத்தி வைத்த முறை. கொங்கில் ஓவியத்தைக் கண்டு கவிதை செய்த மரபு ஒன்று உண்டென்றால் அது படத்தை வருணிக்கும் பாடலாகத் தொடங்கவில்லை, உடலின் நிலையை ஓவியனிடம் கற்றுக்கொண்ட பாடலாகத் தொடங்கியது என்பதே என் வாதம்.

ஓவியக் கவிதை என்றதும் இன்று மனத்தில் எழுவது வேறு. கவிஞன் ஒரு படத்தின் முன் நிற்கிறான், பார்க்கிறான், அதற்குத் தன் பதிலை எழுதுகிறான். ஆங்கிலக் கவிஞர் ஆடன் 1938இல் புரூகெலின் இக்காரஸ் ஓவியத்தை முன்வைத்து எழுதியதை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். கொங்கில் நவீன கவிதை என்றால் 1971இல் கோவையில் பிறந்த வானம்பாடி இதழிலிருந்து கணக்குத் தொடங்குவது வழக்கமாகிவிட்டதால், ஓவியக் கவிதையும் அதற்குப் பிறகு வந்த புதுச்சரக்கு என்று எண்ணத் தோன்றும். ஆனால் படத்தின் முன் நின்று பாடுவது தமிழுக்குப் புதிதே அல்ல. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில் நப்பண்ணனார் திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபத்தைப் பாடுகிறார். இவன் காமன், இவள் இரதி, இவன் இந்திரன், இவள் கல்லான அகலிகை என்று படங்களைக் காட்டிக் கேட்பவர்களும் விளக்குகிறவர்களுமாக அங்கே ஒரு கூட்டமே நிற்கிறது. நெடுநல்வாடையில் நக்கீரர், கணவன் போர்ப் பாசறைக்குப் போய்விட, கட்டிலில் தனித்திருக்கும் அரசியைக் காட்டுகிறார். மேலே கட்டிய விதானத்தில் நிலவும் அதைப் பிரியாத உரோகிணியும் தீட்டப்பட்டிருக்கின்றன. அவள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். இரண்டு இடத்திலும் படத்தின் நிறமோ கோடோ புலவருக்கு முக்கியமில்லை. பார்க்கிறவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதைத்தான் பாடுகிறார்கள். சங்கப் புலவருக்கு ஓவியம் என்பது காண்பவரின் மனத்தைத் திறந்து காட்டும் ஒரு பொருள். கொங்குவேளிர் இதிலிருந்து ஓர் அடி நகர்கிறார். காண்பவரின் இடத்தை விட்டுத் தீட்டுகிறவரின் இடத்துக்கு வருகிறார்.

பெருங்கதையை ஏழாம் நூற்றாண்டை ஒட்டியது என்று பலர் கருதுகிறார்கள். பிற்பட்டது என்போரும் உண்டு. குணாட்டியர் பைசாச மொழியில் எழுதிய பிருகத்கதையின் வழியில் வந்தது. முதற்பகுதியும் முடிவும் கிடைக்கவில்லை. உஞ்சைக் காண்டத்தின் 32ஆம் பகுதியில்தான் நமக்குக் கதையே தொடங்குகிறது. இப்படிச் சிதைந்து கிடைத்த நூலிலும் ஓவியர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். அவர்களைக் கொங்குவேளிர் வண்ணம் குழைப்பவர்கள் என்றோ உயிர் வந்தாற்போல் தீட்டுபவர்கள் என்றோ பாராட்டி விட்டுவிடவில்லை. ஒன்பது விருத்திகளின் நுட்பம் அறிந்தவர்கள் என்று அவர்களின் தொழிலறிவைக் குறிப்பிடுகிறார். விருத்தி என்பது இருக்கை, அதாவது உட்கார்ந்திருக்கும் நிலை. ஓரிடத்தில் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றான இரக்கத்தை உடலில் நிலைபெறச் செய்து காட்டும்போதே, ஓவியர் கருதும் விருத்தி இன்னது என்றும் சேர்த்துச் சொல்கிறார். உணர்ச்சியின் பெயரும் உட்காரும் முறையின் பெயரும் ஒரே மூச்சில் வருவதைக் கவனிக்க வேண்டும். கவிஞர் ஒரு மனநிலையைச் சொல்ல விரும்புகிறார், சொல்வதற்கு முன் ஓவியன் இந்த ஆளை எப்படி உட்கார வைப்பான் என்று கேட்டுக்கொள்கிறார். உவமை தேடிப் போயிருக்கலாம், போகவில்லை. ஓவியப் பட்டறையின் தொழில்முறைச் சொல்லையே காப்பியத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்.

இதன் அருமை அடியார்க்கு நல்லாரின் உரையைத் திறந்தால்தான் முழுதாகத் தெரியும். சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையில் கோவலன் ஊடிப் பிரிந்த பிறகு மாதவி மேன்மாடத்துக்குப் போகிறாள். யாழை எடுத்துப் பாடத் தொடங்கிப் பாட்டில் மயங்கித் தடுமாறுகிறாள். அதன் பிறகு ஒன்பது விருத்திகளுள் முதலாவதில் அமர்கிறாள். இளங்கோ சொல்வது அவ்வளவுதான். எது முதலாவது, மற்ற எட்டும் எவை என்று சொல்லவில்லை. தன் காலத்து வாசகருக்கு அது தெரியும் என்று விட்டிருக்கிறார். பல நூற்றாண்டு கழித்து வந்த உரையாசிரியருக்கு அந்த வசதி இல்லை. வேறொருவராக இருந்தால் அழகாக அமர்ந்தாள் என்று எழுதிவிட்டு அடுத்த அடிக்குப் போயிருப்பார். அடியார்க்கு நல்லார் ஓவிய நூலை எடுக்கிறார். நிற்றல், இருத்தல், கிடத்தல், இயங்குதல் என்று உடலின் நிலைகளை அந்த நூல் வகுத்திருப்பதைச் சொல்கிறார். இருத்தலை இரண்டாகப் பிரிக்கிறார்: யானை, தேர், குதிரை போல அசைகின்றவற்றின்மேல் இருப்பது ஒன்று, அசைவில்லாமல் இருப்பது மற்றொன்று. அசைவில்லாத இருப்பு பதுமுகம் தொடங்கி ஏகபாதம் முடிய ஒன்பது என்று பெயர் பெயராகத் தருகிறார். மாதவி அமர்ந்தது அவற்றுள் முதலாவது. இந்தக் குறிப்போடு படித்தால் காட்சியே மாறுகிறது. மனம் முழுதும் கலைந்து, பாட்டும் பிசகிப்போன பெண்ணை, இருப்புகளிலேயே உறுதியான தாமரை இருப்பில் கவிஞர் இருத்துகிறார். உடல் அசையவில்லை, மனம் நிலைகொள்ளவில்லை. இந்த முரண் சொற்களில் எங்கும் இல்லை. ஓவியம் தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் அகப்படுகிற பொருள் அது. உரையாசிரியர் ஓவிய நூலைத் தேடிப் போகாதிருந்தால் இது நம் கைக்கே வந்திருக்காது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். விருத்தி, மெய்ப்பாடு எல்லாம் கூத்துக்கும் உரியவை, மாதவியே ஆடல் மகள், எனவே கவிஞர்கள் கற்றது கூத்தரிடமிருந்து, ஓவியம் நடுவில் ஒரு பெயருக்குத்தான் வருகிறது என்று சொல்லலாம். இதில் பாதி உண்மை. நடனம் தெரியாதவருக்கு ஓவிய இலக்கணம் விளங்காது என்று விஷ்ணுதர்மோத்தரத்தின் சித்திரப் பகுதியே சொல்கிறது. இரண்டு கலைக்கும் வேர் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சான்று எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அடியார்க்கு நல்லார் கூத்து நூல்களை அறியாதவர் அல்லர். அரங்கேற்று காதைக்கு அவர் எழுதிய உரை, ஆடலையும் இசையையும் அரங்கையும் பற்றிப் பழைய நூல்களிலிருந்து திரட்டிய பெருங்களஞ்சியம். அவ்வளவு கூத்து நூல்களைக் கையில் வைத்திருந்தவர், மாதவியின் இருப்பை விளக்கும் இடத்தில் மட்டும் ஓவிய நூலின் பெயரைச் சொல்கிறார். கொங்குவேளிரும் விருத்தியை ஓவியருக்கு உரியதாகவே வைக்கிறார். காரணமும் ஊகிக்கக் கூடியதுதான். கூத்தில் நிலை என்பது கடந்து போகிற ஒன்று, ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதில்தான் ஆடலின் உயிர் இருக்கிறது. ஓவியன் ஒன்றைத்தான் எடுக்க முடியும், எடுத்த ஒன்று மற்ற எல்லாவற்றுக்கும் பொறுப்பு ஏற்க வேண்டும். காப்பியத்தில் கதை ஓடிக்கொண்டே இருக்கும்போது எங்கே நிறுத்துவது, நிறுத்திய இடத்தில் உடலை எப்படி வைப்பது என்று முடிவு செய்ய வேண்டிய கவிஞருக்கு ஆடலைவிட ஓவியம் நெருங்கிய ஆசான்.

இன்னொரு மறுப்பு, தொழிற்சொல்லைக் கடன் வாங்குவதும் ஓவியத்தால் கவிதை பிறப்பதும் ஒன்றா என்பது. சொல் மட்டும் வந்திருந்தால் ஒன்றல்ல என்று ஒப்புக்கொள்வேன். ஆனால் பெருங்கதையின் கதைப்போக்கிலேயே தீட்டும் கை வேலை செய்கிறது. உதயணன் மானனீகையைக் காதலிக்கிறான், தேவி வாசவதத்தை அறியாமல் அவளுக்குச் செய்தி சொல்ல வேண்டும். வாசவதத்தையின் நெற்றியிலேயே கோலம் எழுதுவதுபோல் யவன எழுத்தில் தன் கருத்தை எழுதி அனுப்புகிறான். தேவி பார்க்கிறாள், அவள் கண்ணுக்கு அது ஒப்பனை. உரியவள் பார்க்கிறாள், அது கடிதம். ஒரே தீட்டலை இரு கண்கள் இரு விதமாகக் காண்பதில்தான் இந்தப் பகுதியின் கதை முழுவதும் தொங்குகிறது. சீவக சிந்தாமணியிலும் இதற்கு இணை உண்டு. யானையிடமிருந்து காப்பாற்றிய குணமாலையை மறக்க முடியாமல் சீவகன் அவள் உருவைத் தீட்டுகிறான், காந்தருவதத்தை அதைக் கண்டு ஊடுகிறாள். அங்கே ஓவியம் ரகசியத்தை வெளியே விட்டுவிடுகிறது, கொங்குவேளிரிடமோ அது ரகசியத்தை மூடி வைக்கிறது. எனக்குக் கொங்குவேளிரின் அமைப்பே நுட்பமானதாகப் படுகிறது. தீட்டப்பட்ட ஒன்று எப்போதும் பார்ப்பவரின் அறிவுக்கு ஏற்பத்தான் பேசும் என்பதை அவர் கதையின் நடுவிலேயே வைத்துவிட்டார். இதைத் தொழிற்சொல்லைக் கடன் வாங்கியவர் செய்ய முடியாது, தீட்டுகிறவர் பக்கத்தில் நின்று யோசித்தவர்தான் செய்ய முடியும்.

கொங்கில் அந்தக் காலத்து ஓவியம் எங்கே என்று கேட்பவர்களும் உண்டு. கோவைக்குத் தென்மேற்கே கேரள எல்லையை ஒட்டிய குமிட்டிபதிக் குகையில் வெண்ணிறத்தில் தீட்டிய யானையும் பிற உருவங்களும் இருக்கின்றன. ஆனால் அவற்றை இந்த வாதத்துக்குத் துணையாகக் கொள்ள மாட்டேன். அவை மிகப் பழையவை, விருத்தி வகுத்த ஓவியப் பள்ளிக்கும் அவற்றுக்கும் தொடர்பு காட்ட முடியாது. சமணர் ஓவியம் எப்படி இருந்தது என்பதற்குப் புதுக்கோட்டைச் சித்தன்னவாசல்தான் நல்ல சாட்சி. அங்கே தூணில் தீட்டிய ஆடல் மகளிரின் வளைந்த இடுப்பும் நீட்டிய கையும் இன்றும் தெரிகின்றன. உடலின் நிலையில் எடையையும் உணர்ச்சியையும் வைக்கத் தெரிந்த கைகள் சமணக் கோயில்களில் வேலை செய்தன என்பதற்கு அதுவே போதும். சுவரில் பூசிய சுண்ணமும் வண்ணமும் உதிரக் கூடியவை. ஓர் ஊரில் ஓவியம் எஞ்சவில்லை என்பது அங்கே ஓவியர் இல்லை என்பதற்குச் சான்றாகாது. ஓவியரின் உள்தொழில் தெரிந்த ஒரு கவிஞரும், ஓவிய நூலைக் கையில் வைத்திருந்த ஓர் உரையாசிரியரும் ஒரே நாட்டில் தோன்றியிருப்பது, அழிந்த சுவர்களைவிட உறுதியான தடயம்.

இந்தத் தொடர்பு பேசப்படாமல் போனதற்குப் பதிப்பு வரலாறும் ஒரு காரணம். உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்கு நல்லார் உரையோடு 1892இல் பதிப்பித்தார். பெருங்கதை அவர் கையாலேயே 1924இல்தான் வந்தது. இடையில் 32 ஆண்டுகள். அதற்குள் உரையின் ஓவியக் குறிப்பு மாதவி காட்சிக்கான ஒரு தனிக் குறிப்பாகவே படிக்கப்பட்டு நிலைத்துவிட்டது. பிறகு மயிலை சீனி.வேங்கடசாமி போன்றோர் இலக்கியத்தில் உள்ள ஓவியச் செய்திகளைத் திரட்டினார்கள். அது பெரும் பணி, ஆனால் தமிழரிடம் ஓவியக் கலை இருந்தது என்று நிறுவுவதே அன்றைய தேவை. கவிஞர் அந்தக் கலையிடம் என்ன கற்றார் என்ற கேள்வி அங்கே எழவில்லை. கோவைக்கிழார் சி.எம்.இராமச்சந்திரன் செட்டியார் முதலான கொங்கு வரலாற்றாசிரியர்களுக்கோ நாட்டுப் பிரிவும் கல்வெட்டும் அரசமரபுமே முதல் கவலையாக இருந்தன. ஒன்பது விருத்தி கொங்கில் மட்டும் அறியப்பட்டது என்று நான் சொல்லவில்லை, இளங்கோவே அதை எண்ணிச் சொல்லியிருக்கிறார். அந்த எண்ணிக்கையைக் கவிதைக்குள் வேலை செய்ய வைத்ததற்கும், அதன் இலக்கணத்தை எழுதிக் காத்ததற்கும் நமக்குக் கிடைக்கும் இரண்டு பெரிய சான்றுகளும் விஜயமங்கலம், நிரம்பை என்ற கொங்கு ஊர்களைச் சேர்ந்தவர்களுடையவை. அடியார்க்கு நல்லார் பயன்படுத்திய ஓவிய நூல் இன்று இல்லை. அதில் நமக்கு மிஞ்சியிருப்பது ஒரு கவிதையை விளக்குவதற்காக அவர் எடுத்துக்கொண்ட அளவு மட்டுமே.