காய்ச்சலின் தடம் – 7: பத்து நாள் கெடு

டோக்கியோ, 1961 ஜனவரி. செஞ்சிலுவை மருத்துவமனையில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு விடாத காய்ச்சல். இரு கண்களும் சிவந்திருந்தன, பீளை இல்லை. உதடு வெடித்து, நாக்கு ஸ்ட்ராபெரி பழமாய்ச் சிவந்து, கழுத்தில் நெறி கட்டியிருந்தது. என்ன நோய் என்று டாக்டர் தோமிசாகு கவாசாகிக்குப் பிடிபடவில்லை. பையன் பிழைத்து வீடு திரும்பினான்.

அதே அடையாளங்களோடு வந்த 50 குழந்தைகளைப் பற்றி 1967-இல் கவாசாகி எழுதினார். தானாகவே ஆறிவிடும் நோய் என்றுதான் நம்பினார். ஆனால் காய்ச்சல் தணிந்து தேறிய குழந்தைகளில் சிலர் திடீரென்று இறந்தார்கள். உடற்கூறாய்வு காரணத்தைக் காட்டியது: இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் புடைத்து, உள்ளே ரத்தம் உறைந்து கிடந்தது.

மருந்துக்கான வழியும் ஜப்பானிலேயே பிறந்தது. தானம் செய்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலினை நரம்பில் ஏற்றினால் தமனி காக்கப்படுகிறது என்று 1984-இல் ஃபுருஷோ குழு காட்டியது. 1986-இல் அமெரிக்காவில் ஜேன் நியூபர்கர் குழு அதை உறுதிசெய்தது. இன்றைய அளவு, குழந்தையின் எடையில் கிலோவுக்கு 2 கிராம். கூடவே, டாக்டர் சொல்லும் அளவில் ஆஸ்பிரின். அதை வீட்டில் நாமாகக் கொடுக்கவே கூடாது. மருந்தில்லாவிட்டால் நாலில் ஒரு குழந்தைக்குத் தமனி புடைக்கும். காய்ச்சல் தொடங்கிய பத்து நாளுக்குள் ஏற்றிவிட்டால் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும்.

மும்பையின் தாதரிலும் தாராவியிலும் நம் வீடுகளில் இந்தப் பத்து நாள் எப்படிக் கரைகிறது? உடம்பெல்லாம் தடிப்பைப் பார்த்ததும் மணல்வாரி என்று வேப்பிலை வைத்துக் காத்திருக்கிறோம். ஐந்து நாள் காய்ச்சலோடு கண் சிவப்பு, கை கால் வீக்கம், பிறந்ததும் போட்ட பிசிஜி ஊசித் தழும்பில் புதுச் சிவப்பு இவற்றைக் கண்டால் உடனே குழந்தைகள் டாக்டரிடம் ஓடுங்கள். இதயத்துக்கு எக்கோ எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். விரல் நுனித் தோல் உரியும்வரை காத்திருந்தால், பெரும்பாலும் கெடு தாண்டியிருக்கும்.

2020 ஜூன் 5. கவாசாகி 95 வயதில் கண்மூடினார். அந்தக் கொரோனாக் கோடையை ஒட்டி, தாதருக்கு அடுத்த பரேலில் 1929 முதல் இயங்கும் வாடியா குழந்தைகள் மருத்துவமனை உட்பட, மும்பையின் பல மருத்துவமனைகளுக்கு அதே சிவந்த கண்களோடு பிள்ளைகள் வந்தார்கள். ஆனால் பலர் பள்ளி வயதினர். கடும் வயிற்றுவலி. ரத்த அழுத்தம் சரிந்துகொண்டே போனது. சளிப் பரிசோதனையோ பலருக்குக் கொரோனா இல்லை என்றது.

அப்படியானால் அந்தப் பிள்ளைகளின் ரத்தநாளங்களில் தீ மூட்டியது எது?

(அடுத்த வாரம்)