நல்லபாம்பின் புகைக்குழாய்

காரைவிட்டு இறங்கும்போது கெண்டைக்கால் சுட்டுக் கொப்புளித்துவிட்டால் நாம் என்ன செய்வோம்? காரைச் செய்தவனை வாயாரத் திட்டுவோம். அமெரிக்காவிலே 'கோப்ரா' கார் வைத்திருக்கும் அன்பர்களோ, அந்தத் தழும்பைப் பெருமையோடு காட்டிப் "பாம்பு கடித்துவிட்டது" என்பார்கள். கோப்ரா என்றால் நல்லபாம்பு அல்லவா? அதன் புகைக்குழாய்கள் காருக்கு அடியில் மறைந்து பின்பக்கம் போவதில்லை. முன் சக்கரத்துக்குப் பின்னால் வெளியே வந்து, கதவுக்குக் கீழே கொதித்துக்கொண்டு நீண்டு கிடக்கும்.

ஆனால் இப்படிக் கடிக்கிற பாம்புகளில் பெரும்பாலானவை அசல் அல்ல, நகல்! அசல் கோப்ரா 1962 முதல் 1967 வரை ஏறக்குறைய ஆயிரம்தான் செய்யப்பட்டது. பிற்காலத்தில் கண்ணாடி நார் உடலோடு பிறந்த நகல்களோ அதைப்போலப் பல மடங்கு.

இந்தச் சரித்திரத்தின் கதாநாயகர் டெக்ஸாஸ்காரரான கரோல் ஷெல்பி. 1959-ல் பிரான்ஸின் லெமான் 24 மணிப் பந்தயத்தில் ராய் சால்வடோரியுடன் சேர்ந்து வென்றவர். இதய நோய் அவரைப் பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டது. ஓட்டத்தான் முடியாது, செய்யலாமே! 1961-ல் இங்கிலாந்தின் ஏ.ஸி. கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். உங்கள் 'ஏஸ்' காரில் அமெரிக்க எஞ்சினை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். அவர்கள் இசைந்தார்கள். ஃபோர்ட் கம்பெனி எட்டு சிலிண்டர் எஞ்சினைக் கொடுத்தது. நல்லபாம்பு பிறந்தது.

1965-ல் 7 லிட்டர் எஞ்சினோடு பெரிய கோப்ரா வந்தது. தரையோடு தரையாகப் போகும் பந்தயக் காரின் அடியில் பெரிய குழாய்களுக்கு இடம் ஏது? கிட்டின வழியாகப் பக்கத்தில் விட்டார்கள். அழகுக்காக அல்ல, அவசியத்துக்காக. ஆனால் அந்தப் பந்தய வகுப்பில் சேர 100 கார்கள் செய்திருக்க வேண்டும் என்பது விதி. ஏறக்குறைய பாதிதான் தயாராகியிருந்தன. அனுமதி கிடைக்கவில்லை. பந்தயத்துக்குப் போக முடியாத கார்களில் பல விலைபோகாமல் நின்றன. என்ன செய்வது? முப்பதுக்குச் சற்று அதிகமான கார்களில் சில மாறுதல்கள் செய்து, பக்கக் குழாய்களோடு அப்படியே சாலைக்கு விற்றுவிட்டார்கள்.

போணியாகாத அந்தச் சரக்குதான் இன்று நகல் செய்கிறவர்களுக்கு லட்சணம்! சாதாரணச் சாலைக் கோப்ராவின் குழாய் அடியில்தான் இருந்தது. அதை அவர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

குழாயை அமைப்பதிலும் எத்தனை சிரத்தை! பக்கத்துக்கு நான்கு சிலிண்டர். நான்கு குழாய்களும் ஒன்றுகூடிப் பெரிய குழாயில் சேரும். சத்தத்தைத் தணிக்க அதற்குள்ளே சைலன்ஸரைச் செருகுகிறார்கள். சூட்டைத் தடுக்கச் சிலர் பீங்கான் பூச்சுப் பூசுகிறார்கள். சிலர் துளையிட்ட தகட்டை மேலே கவசமாகப் பொருத்துகிறார்கள். சத்தம் குறையலாம்; ஆனால் அந்த உறுமல் போய்விடக் கூடாது. இந்த எஞ்சினில் ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களும் சமமான இடைவெளியில் வெடிப்பதில்லை. இரு பக்கத்துப் புகையும் கலக்காமல் தனித்தனியே வெளியேறுவதால்தான் அந்தத் தாளம் தப்பிய உறுமல்.

நகலுக்கு இவ்வளவு பாடா என்று சிரிக்கத் தோன்றுகிறது. சற்றுப் பொறுங்கள். ஷெல்பி எடுத்துக்கொண்ட 'ஏஸ்' காரின் உடல் வடிவமே இத்தாலியின் ஃபெராரி காரைப் பார்த்து அமைந்ததுதான். அசலே ஒரு நகலின் பிள்ளை! ஆகவே நகல் என்பதற்காக யாரையும் இகழ வேண்டியதில்லை. கொட்டகையில் மாதக்கணக்காக உட்கார்ந்து ஒருவர் குழாயைப் பொருத்துகிறார் என்றால், அவர் காப்பியடிப்பது ஷெல்பியின் வெற்றியை அல்ல. எண்ணிக்கை போதாமல் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு தோல்வியை. தோற்றதையும் நேசித்துக் காப்பாற்றுகிற மனிதர்கள் சரித்திரத்துக்கு வேண்டியவர்களே.

அவர் வீட்டுக்குப் போனால் காரில் ஏறிப் பாருங்கள். இறங்கும்போது மட்டும் காலைக் கொஞ்சம் எட்டி வையுங்கள்.