பெண் குழந்தையும் பட்டணத்துப் பிரயாணமும்

சிவகாசியை ஒட்டியிருக்கும் நாரணாபுரத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலை வேளைகளில், இளந்தம்பதிகள் தங்கள் பெண் குழந்தைக்குப் பவுடர் பூசி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்து, மோட்டார் சைக்கிளில் இருவருக்கும் இடையே அணைத்து உட்காரவைத்துக்கொண்டு சிவகாசிக் கடைவீதிக்கோ, பஸ் ஏறி விருதுநகருக்கோ, இன்னும் சற்று வசதியும் அவகாசமும் இருந்தால் மதுரைக்கோ புறப்படுவது இன்று எவரும் நின்று பார்க்காத சாதாரணக் காட்சி. பார்த்த மாத்திரத்தில் இது தொன்றுதொட்டு நடந்துவரும் வழக்கம் என்றே தோன்றும். ஆனால் ஒரு தகப்பனும் தாயும், நேர்த்திக்கடன் என்றோ உறவில் விசேஷம் என்றோ காரணம் ஏதும் இல்லாமல், குழந்தை நாலு இடம் பார்க்கட்டும் என்ற ஒரே ஆசையினால் அவளைத் தூக்கிக்கொண்டு பட்டணம் போகக்கூடிய நிலைமை இந்தக் கரிசல் பூமியில் ஏற்படுவதற்கு வண்டி வாகனம் மட்டும் போதவில்லை. கோயில் கதவுகள் திறக்க வேண்டியிருந்தது, கூலி வேலை செய்கிறவனுக்கு வாரத்தில் ஒரு நாளாவது அவனுடைய நாளாக வேண்டியிருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக, பெண் குழந்தையின் பால்யம் அவளுக்கே உரியது என்பதைத் தேசம் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு மனிதருடைய பிரயாசையால், சில சமயம் இரத்தம் சிந்தியும் வந்து சேர்ந்தவை.

ரயில் வராத காலத்தில் கைக்குழந்தையோடு ஊர் எல்லையைத் தாண்டுவதற்குத் தெய்வமே காரணமாக இருந்தது. முதல் மொட்டை குலதெய்வத்துக்கு என்பது மாறாத விதி; அந்தத் தெய்வம் எத்தனை கல் தொலைவில், எந்தக் கண்மாய்க் கரையில், எந்தப் பனங்காட்டுக்குள் இருந்தாலும் குடும்பம் முழுவதும் வண்டி கட்டிக்கொண்டு அங்கே போயாக வேண்டும். வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் சாக்கை விரித்து, கூண்டு போட்ட வண்டியில் பாட்டிமாரும் பிள்ளை பெற்றவளும் உட்கார, ஆண்கள் பக்கத்தில் நடந்துவர, வெயிலுக்கு அஞ்சி இரவிலேயே புறப்படுவார்கள். குழந்தையின் கையில் வசம்பு கட்டியிருக்கும். படுக்கையில் வேப்பிலையும் ஓர் இரும்புத் துண்டும் கிடக்கும். கட்டுச்சோற்று மூட்டை ஒரு மூலையில், கருப்பட்டி ஒரு மூலையில். வீடு திரும்பியதும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்ட பிறகுதான் அந்தப் பிரயாணம் முடிந்ததாகக் கொள்வார்கள்.

சாத்தூருக்கு அருகே அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் கோயில் கொண்டிருக்கும் இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமையில் கூடுகிற கூட்டம் இந்தப் பிரதேசத்தின் குடும்பப் பிரயாணங்களுக்கெல்லாம் தாய் என்று சொல்லலாம். ஆற்று மணலில் மூன்று கல் கூட்டிப் பொங்கல் வைத்து, மொட்டை அடித்த தலையில் சந்தனம் தடவி, தாய்மாமன் மடியில் குழந்தையை உட்காரவைத்து, பத்தர் காது குத்துகிற அந்த ஒரு கணத்தில் எழும் அழுகையும், அதை அமர்த்தக் கொட்டுகிற மேளமும், உடனே வாயில் திணிக்கிற சீனி மிட்டாயும் ஒரு பெண் குழந்தை வெளியுலகத்தோடு கொள்கிற முதல் பரிச்சயமாக இருந்தன. அந்தக் காதுக்கு அதன்பின் ஒரு தனிச் சரித்திரமும் இருந்தது. இன்றைய கொள்ளுப்பாட்டிமாரின் தாய்மார் காலத்தில், குத்திய துவாரத்தில் முதலில் பருத்திக் குச்சியும் பஞ்சும், பின்பு ஈயத்தால் ஆன குணுக்கும் மாட்டி, நாளடைவில் காதைத் தோள்வரை வளர்த்து, கல்யாண வயதில் பாம்படமும் தண்டட்டியும் பூட்டுவார்கள். பெண்ணின் காதில் பெற்றோர் சேர்த்துவைத்த சொத்து அது. சிறு தோடு போதும் என்ற நாகரிகம் வந்து குணுக்கு மறைந்தபோது, பெண் குழந்தைகள் பல மாதத்து வேதனையிலிருந்து விடுபட்டார்கள் என்பதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

அக்காலத்து வழி எல்லாருக்கும் ஒரே மாதிரியான வழி அன்று. கள்ளர் பயம் இருந்த காடுகளின் ஊடே சரக்கு ஏற்றிச் சென்ற நாடார் வியாபாரிகள், வண்டியும் மாடும் இரவில் பத்திரமாகத் தங்கும் பொருட்டு, வேலி சூழ்ந்த பேட்டைகளை வழிநெடுக ஏற்படுத்திக்கொண்டார்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகை ஒதுக்கிச் சேர்த்த மகமையினால் அந்தப் பேட்டைகளும் கிணறுகளும், பின்னாளில் பள்ளிக்கூடங்களும் நடந்தன. விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம் என்ற ஊர்களின் செல்வம் இந்த வண்டித் தடத்தில் வளர்ந்ததே. ஆனால் பேட்டை சரக்கோடு போகிற ஆண்களின் உலகம். பச்சைக் குழந்தையை ஏந்திய பெண்ணுக்கு மதுரை நெடுந்தூரமாகவே இருந்தது.

அந்தத் தூரத்தைக் குறுக்கியது இருப்புப்பாதை. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-இல் ரயில் ஓடத் தொடங்கியபோது, அன்று விருதுபட்டி என்று வழங்கி 1923-இல் விருதுநகர் ஆன ஊர் அந்தப் பாதையில் அமைந்தது. சிவகாசிக்காரர்களோ பின்னும் ஐம்பது வருஷ காலம் ரயிலைப் பிடிக்க மாட்டு வண்டியில் போக வேண்டியிருந்தது. விருதுநகரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு 1927-இல் பாதை போட்ட பிறகே, ஒரு தாய் காலையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்றாம் வகுப்பு டிக்கெட்டில் ஏறி அன்றைக்கே மதுரையைப் பார்ப்பது சாத்தியமாயிற்று. மதுரை ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே மங்கம்மாள் சத்திரம். அங்கிருந்து கிழக்கே டவுன்ஹால் ரோட்டில் நடந்தால் கோபுரம். அந்தக் கோபுர வாசலில்தான் நாம் சற்று நிற்க வேண்டும்.

மதுரை, ஒரு பெண் குழந்தையின் நகரம். குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைத் திருமலை நாயக்கர் முன்னிலையில் அரங்கேற்றியபோது, அம்மையே சிறு பெண்ணாக வந்து அரசருடைய மடியில் அமர்ந்து கேட்டு, முத்துமாலையைக் கழற்றிப் புலவருக்கு அணிவித்து மறைந்தாள் என்று ஐதிகம். நாரணாபுரத்துக்குப் பக்கத்து ஊராகிய ஸ்ரீவில்லிபுத்தூரில், பெரியாழ்வார் துளசி வனத்தில் கண்டெடுத்து வளர்த்த பெண் குழந்தைக்கு ஆடிப்பூரத்தில் தேர் ஓடுகிறது. பெண் மகவைத் தெய்வமாகக் கொண்டாட இதைவிட வேறு தேசம் வேண்டியதில்லை. ஆயினும் கோயிலுக்குள் விடாத ஜாதிகளில் பிறந்த இந்தப் பக்கத்துத் தகப்பன் ஒருவன் தன் மகளைத் தோளில் சுமந்துகொண்டு போய் மீனாட்சியைக் காட்ட முடியாத காலம் வெகுகாலம் நீடித்தது. கமுதிக் கோயிலில் நாடார்கள் நுழைந்ததைப் பற்றிய வழக்கு கடல் தாண்டிப் பிரிவி கௌன்சில் வரை சென்று 1908-இல் அவர்களுக்கு விரோதமாகவே முடிந்தது. அதற்கு முன்பே, சிவகாசி விசுவநாதர் கோயிலுக்குள் போகும் உரிமையைப் பற்றிய பகை முற்றி, 1899-இல் பெருங்கலவரமாக மூண்டு வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோயிற்று. நாடார்களுடைய கதி இது என்றால், அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டிருந்த மக்களின் கதியைச் சொல்லவே வேண்டாம்.

1939-ஆம் வருஷம் ஜூலை மாதம் 8-ஆம் தேதி காலையில் காங்கிரஸ் தலைவர் ஏ. வைத்தியநாத ஐயர், கக்கன் முதலான ஒடுக்கப்பட்ட வகுப்புத் தோழர்களையும் விருதுநகரைச் சேர்ந்த சண்முக நாடாரையும் உடன் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் பிரவேசித்தார். கோயிலின் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். இராஜாஜியின் மந்திரிசபை அந்த வருஷத்திலேயே சட்டம் செய்து அச்செயலுக்குப் பாதுகாப்பு அளித்தது. எல்லாரும் புகாத கோயிலுக்குள் தாமும் புகுவதில்லை என்று இருந்த காந்தியடிகள் 1946-இல் அங்கே வந்து தரிசித்தார். சரித்திர நூல்கள் இதை ஆலயப் பிரவேசம் என்ற தலைப்பில் அரசியல் நிகழ்ச்சியாகச் சொல்லி முடிக்கின்றன. என் மனம் அதைக் குடும்பச் சரித்திரமாகவே கருதுகிறது. பொற்றாமரைக் குளத்துப் படியில் குழந்தையை உட்காரவைத்துக் காலை நனைப்பது, கிளி மண்டபத்தைக் காட்டுவது, யானையிடம் காசு கொடுக்கச் சொல்லிக் கையைப் பிடித்து நீட்டுவது, திரும்புகையில் புதுமண்டபத்துக் கடையில் மரச்சொப்பும் வளையலும் வாங்குவது ஆகிய இந்தச் சிறு சந்தோஷங்கள் அத்தனையும் அந்த ஜூலை மாதத்துக் காலையின் வழியாகத்தான் நாரணாபுரத்துக்கு வந்தன.

இதற்கிடையில் இந்தப் பக்கத்து மக்கள் தங்களுக்கென்று ஒரு கொண்டாட்டத்தைத் தங்கள் பட்டணங்களிலேயே வளர்த்துக்கொண்டிருந்தார்கள். சிவகாசி பத்திரகாளியம்மனுக்குச் சித்திரைப் பொங்கல். விருதுநகர் மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல். அக்கினிச்சட்டி ஏந்துவோரின் நடுவே, கரும்பைத் தோளில் சுமந்து, அதில் மஞ்சள் நனைத்த சேலையைத் தூளியாகக் கட்டி, அதற்குள் குழந்தையை இட்டுத் தாயும் தகப்பனும் கோயிலைச் சுற்றி வருகிற கரும்புத் தொட்டில் நேர்த்தியைப் போல நெஞ்சை நெகிழ்விக்கும் காட்சி வேறு இல்லை. குழந்தை வரம் கேட்டுப் பெற்றவர்கள் ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல் தூக்கி வருகிறார்கள். பங்குனிப் பொங்கலை ஒட்டி விருதுநகரில் க்ஷத்திரிய வித்யாசாலைப் பள்ளி மைதானத்தில் பொருட்காட்சி நடக்கிறது. 1889-இல் தோன்றி, காமராஜர் படித்த பள்ளி அது. ராட்டினம், வளையல் கடை, சவ்வு மிட்டாயை இழுத்துக் குழந்தையின் மணிக்கட்டில் கடிகாரமாகக் கட்டிவிடும் வியாபாரி, சாத்தூர்ச் சேவு, எண்ணெயில் பொரித்த பரோட்டா என்று அங்கே காண்பன எவையும் நேர்த்தியைச் சேர்ந்தவை அல்ல. சாமிக்காகக் கிளம்பிய குடும்பம் குழந்தைக்காக நின்று வேடிக்கை காட்டத் தொடங்கிய இடம் திருவிழாக் கடைத்தெருவே. மதுரைத் தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சி அதையே பெரிய அளவில் செய்தது.

இனிச் சொல்ல வேண்டியதுதான் சொல்வதற்குக் கடினமானது. 1922-இல் சிவகாசி பி. அய்ய நாடாரும் அவருடைய சகோதர முறையினராகிய அ. சண்முக நாடாரும் (முன் சொன்ன விருதுநகர்க்காரர் வேறு) கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து, அடுத்த வருஷத்தில் தங்கள் ஊரில் அதைத் தொடங்கினார்கள். பின்னர்ப் பட்டாசும் அச்சும் சேர்ந்தன. மழை பொய்த்த பூமியில் மூன்று தொழில்கள் சோறு போட்டன. அந்த நன்மையை எவரும் மறுக்க முடியாது. ஆனால் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குவதற்கும், பெட்டி ஒட்டுவதற்கும் சிறு விரல்கள் வேகமாக ஓடும் என்று கண்டுகொண்ட வழக்கம் கிராமங்களின் குழந்தைகளை, அவர்களுள்ளும் பெரும்பாலும் பெண் குழந்தைகளை, வாரிக்கொண்டு போயிற்று. விடியுமுன் ஆபீஸ் வண்டி வந்து ஹாரன் அடிக்கும். தூக்கம் கலையாத பெண்கள் தூக்குச்சட்டியோடு ஏறுவார்கள். பொழுது சாய்ந்து திரும்புவார்கள். தினந்தோறும் பட்டணம் போய் வந்த அந்தப் பெண்கள் பட்டணத்தைப் பார்த்ததில்லை. 1976-இல் அப்படிக் குழந்தைகளை ஏற்றிச் சென்ற பஸ் ஒன்று வெள்ளத்தில் அகப்பட்டுப் பல குழந்தைகள் மாண்டபோதுதான் தேசம் திரும்பிப் பார்த்தது. ஹர்பன்ஸ் சிங் தலைமையில் விசாரணை நடந்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சிவகாசியையே முகாந்தரமாகக் கொண்டு, 1996 டிசம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், அபாயகரமான தொழிலில் குழந்தையை வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

அதே காலங்களில் சிவகாசி அச்சுக்கூடங்கள் இந்தியா முழுமைக்கும் குழந்தைப் படங்களை அச்சிட்டு அனுப்பிக்கொண்டிருந்தன என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது. கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் எழுதிய பாலகிருஷ்ணனும் பாலமுருகனும், கன்னம் கொழுத்த மழலைகளும் ஆடிப் பதினெட்டில் தொடங்குகிற காலண்டர் வேலையில் ஆயிரக்கணக்கில் உருண்டு வெளிவந்து, எங்கோ இருக்கிற வீடுகளின் சுவரில் குழந்தைப் பருவத்தின் இலட்சணமாகத் தொங்கின. அந்தப் படங்களைப் பண்ணின ஊரைச் சுற்றியிருந்த கிராமங்களிலோ ஆறு வயதுப் பெண் வேலைக்காரியாக இருந்தாள்.

இன்று தங்கள் மகளைப் பட்டணத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிற நாரணாபுரத்துத் தாய்மார்களின் மூத்த தலைமுறையில் பலர் அந்த ஆபீஸ் வண்டியில் ஏறியவர்கள். ஆகையால், பலூன் வாங்கிக் கொடுப்பதிலும், ஐஸ்கிரீம் கடையில் உட்கார்ந்து குழந்தைக்கு ஊட்டிவிடுவதிலும் அவர்கள் காட்டுகிற ஆவலை வீண் செலவு என்று வீட்டுப் பெரியவர்கள் குறைகூறும்போது எனக்குச் சம்மதமாவதில்லை. சனிக்கிழமை கைக்கு வருகிற வாரக் கூலியும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வும்தான் அந்தச் செலவின் அஸ்திவாரம். வாரம் ஒரு நாள் விடுமுறை என்பதை 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம் உறுதிப்படுத்தியது. ஆனால் தீபாவளி கழிந்து பட்டாசு ஆபீஸ்கள் மூடியிருக்கும் வாரங்களில் கையில் நேரம் இருக்கிறது, பணம் இருப்பதில்லை. 2018 அக்டோபரில் பேரியம் உப்புக்குத் தடை விதித்து உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் குடும்பங்கள் வீட்டோடு முடங்கின. வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு, அடுத்த வருஷத்தில், வேலை செய்த ஒவ்வொரு இருபது நாளுக்கும் ஒரு நாள் வீதம் கூலியோடு விடுப்பு உண்டு என்று அதே 1948-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லிற்று. காண்டிராக்டிலும் பீஸ் கணக்கிலும் மருந்து செலுத்துகிற, திரி வைக்கிற தாய்மார்களுக்கு அந்த விடுப்பு ஏட்டளவில் நிற்காமல் கைக்கு வர வேண்டும். சித்திரைப் பொருட்காட்சி நடக்கிற வாரத்தில் வந்தால் இன்னும் நல்லது.